பாடக்குறிப்பில் நான் கையெழுத்து போட்டேன், வகுப்பில் பாடம் போய்ச் சேரவில்லை: இதில் யார் பொறுப்பு?

#1 கடைசிபெஞ்ச்

வணக்கம். 19 வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். கடந்த 4 வருடமாக எங்கள் பள்ளியில் கணக்குத் துறைக்கு நான்தான் பொறுப்பு. திங்கட்கிழமை காலையில் 7 பாடக்குறிப்பேடுகள் என் மேஜைக்கு வரும். ஒவ்வொன்றையும் புரட்டி, தேதி போட்டு, கையெழுத்து போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

போன வாரம் ஓர் இளம் ஆசிரியரின் ஆறாம் வகுப்புக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாடம், தசம எண்களை ஒப்பிடுதல். அவருடைய பாடக்குறிப்பை ஏற்கெனவே பார்த்திருந்தேன். நோக்கம், முன்னறிவு, துணைக்கருவி, செயல்பாடு, மதிப்பீடு, வீட்டுப்பாடம் என்று ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. மதிப்பீடு என்ற இடத்தில் "வாய்மொழி வினாக்கள் கேட்டல்" என்று எழுதியிருந்தார். வகுப்பிலும் அதைத்தான் செய்தார். கரும்பலகையில் மூன்று கணக்குகள் போட்டார். 0.7, 0.4 இதில் எது பெரியது? 3.6, 2.9? 0.52, 0.38? எல்லாவற்றுக்கும் சரியான விடை வந்தது. "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது சார்" என்று 40 குரலும் ஒன்றாக வந்தது. அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்.

பக்கத்தில் இருந்த பையனின் நோட்டை எட்டிப் பார்த்தேன். பயிற்சியில் 0.5, 0.125 இரண்டில் எது பெரியது என்று இருந்தது. 0.125 என்று எழுதி அழுத்தமாக அடிக்கோடும் போட்டிருந்தான். ஏன் என்று மெதுவாகக் கேட்டேன். "5ஐ விட 125 பெருசுதானே சார்" என்றான். முன் பெஞ்சில் இருந்த பெண் 0.5 என்று சரியாக எழுதியிருந்தாள். அவளிடமும் காரணம் கேட்டேன். "புள்ளிக்கு அப்புறம் நம்பர் கம்மியா இருந்தா அதுதான் பெருசு" என்றாள். அப்படியா, சரி, 0.2, 0.35 இரண்டில்? தயங்காமல் 0.2 என்றாள்.

அப்புறம்தான் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தேன். மூன்று கணக்கிலும் புள்ளிக்குப் பின்னால் இரண்டு எண்ணுக்கும் ஒரே அளவு இலக்கங்கள். தப்பாகப் புரிந்துகொண்ட குழந்தைக்கும் அந்த மூன்றிலும் சரியான விடைதான் வரும். பாடம் கோட்டை விட்டது அந்த எண்களைத் தேர்ந்தெடுத்த இடத்தில். அதற்குப் பாடக்குறிப்பில் ஒரு கட்டமும் கிடையாது. நான் கையெழுத்து போடும்போது அந்த எண்களைப் பார்க்கவும் இல்லை.

ஆசிரியர் பாடத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம், நானும் சொல்கிறேன். ஆனால் எதைக் காட்டி, யாரிடம்? இதைப் பேசலாம் என்றுதான் இழையைத் தொடங்குகிறேன்.

#2 மின்சுற்று_டீச்சர்

சார், இதை எழுதியதற்கு நன்றி. ஒரு நாளைக்கு 6 பீரியட், வாரத்துக்கு 30. முப்பதுக்கும் தனித்தனிக் குறிப்பு எழுதச் சொல்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன், பாதிக்கு மேல் போன வருட நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழுக்க அதிலேயே போய்விடும்.

முன்பு வேலை பார்த்த பள்ளிக்கு ஒரு மேற்பார்வையாளர் வந்தார். என் வகுப்புக்குள் அவர் வரவே இல்லை. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார், தலைப்புகளைச் சிவப்பு மையில் எழுதவில்லை என்று குறிப்பு எழுதிவிட்டுப் போனார். அந்த வாரம் நான் என்ன செய்திருந்தேன் தெரியுமா? மின்னோட்டம் பல்புக்குள் போகும்போது செலவாகித் தீர்ந்துபோகிறது என்று நிறைய குழந்தைகள் நம்புவார்கள். தொடரிணைப்பில் இரண்டு பல்பு கொடுத்து, எது அதிகமாக எரியும் என்று முதலில் கேட்டால், "பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கிறதுதான்" என்பார்கள். எரியவிட்டால் இரண்டும் ஒரே மாதிரி எரியும். அந்த நொடியில்தான் அவர்கள் யோசிக்கத் தொடங்குவார்கள். ஆனால் பல்புகளுக்குள் கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் ஒன்று மங்கலாகத் தெரியும், தப்பான நம்பிக்கை அப்படியே உறுதியாகிவிடும். அதனால் பள்ளி முடிந்த பிறகு தனியாக உட்கார்ந்து, 11 பல்பைப் போட்டுப் பார்த்து, சரிசமமாக எரியும் இரண்டைப் பொறுக்கி எடுத்து வைத்தேன்.

அந்த வாரம் நான் பாடத்துக்குச் செய்த தயாரிப்பு அதுதான். நோட்டில் அதற்கு இடம் இல்லை, "துணைக்கருவி: பல்பு, பேட்டரி, கம்பி" என்று மட்டும் இருந்தது.

#3 ஒரு_அப்பா

நான் ஆசிரியர் இல்லை. இடையில் வருவதற்கு மன்னிக்கவும்.

என் மகள் எட்டாம் வகுப்பு. அவளுடைய வரலாற்று வகுப்பில் பாடப்புத்தகத்தை ஒருவர் மாற்றி ஒருவர் சத்தமாக வாசிப்பார்கள். ஆசிரியர் இடையில் நிறுத்தி, "இதுக்கு அடிக்கோடு போடு, இது மூணாவது கேள்விக்குப் பதில்" என்பார். வருடம் முழுக்க இதுதான் நடக்கிறது. பள்ளிக்குப் போய்ப் பணிவாகத்தான் கேட்டேன். பாடக்குறிப்பேட்டைக் காட்டினார்கள். குழு விவாதம், வரைபட வேலை, பங்கேற்று நடித்தல் என்று எல்லாம் எழுதியிருந்தது. என் மகள் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

நோட்டு பயனில்லை என்கிறீர்கள். சரி. நாளைக்கு மதிப்பெண்ணை வைத்தும் ஆசிரியரை எடை போடக் கூடாது என்பீர்கள். அப்படியானால் எங்களைப் போன்றவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பது? பொறுப்பு வேண்டும், ஆனால் யாரும் கேட்கக் கூடாது என்றால் எப்படி?

#4 பழைய_சாக்பீஸ்

அப்பா கேட்பது நியாயம். மதிப்பெண் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைச் செய்து பார்த்து 160 வருடம் ஆகிறது.

இங்கிலாந்தில் 1862இல், அரசில் கல்விக்குப் பொறுப்பாக இருந்த ராபர்ட் லோ ஒரு விதி கொண்டுவந்தார். ஆய்வாளர் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு குழந்தையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். குழந்தையின் வருகையும் தேர்ச்சியும் எப்படியோ, அதன்படி பள்ளிக்கு மானியம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நடந்தது வேறு. ஆய்வாளர் எந்தப் புத்தகத்தை வாசிக்கச் சொல்வார் என்று தெரியும் என்பதால் அதையே குழந்தைகளுக்கு மனப்பாடம் செய்துவைத்தார்கள். சோதனையில் வராத பாடங்கள் ஓரம் போயின. கவிஞர் மேத்யூ ஆர்னால்டு அப்போது பள்ளி ஆய்வாளராக இருந்தார், தன் அறிக்கைகளிலேயே இந்த முறையைக் கடுமையாக எதிர்த்தார். 1890களில்தான் அதைக் கைவிட்டார்கள்.

அமெரிக்காவில் அட்லாண்டாவில் நடந்ததும் இதன் தொடர்ச்சிதான். தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஆசிரியர், தலைமையாசிரியர் எல்லோருக்கும் அழுத்தம். 2009ஆம் ஆண்டுத் தேர்வில் விடைத்தாள்களைத் திருத்திவைத்திருக்கிறார்கள். 2011இல் வந்த மாநில விசாரணை அறிக்கை, ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44இல் முறைகேடு நடந்ததாகவும், 178 கல்வியாளர்களுக்கு அதில் பங்கு இருந்ததாகவும் சொன்னது. அத்தனை பேரும் கெட்ட எண்ணத்தோடு ஆசிரியர் வேலைக்கு வந்திருக்க மாட்டார்கள். அதில் எனக்கு மிகவும் வலிக்கும் விஷயம் வேறு. விடையைத் திருத்தியதால் "நன்றாகப் படிக்கிறது" என்று கணக்கில் போன குழந்தைக்குக் கிடைத்திருக்க வேண்டிய கூடுதல் உதவி கிடைக்காமலே போயிருக்கும்.

#5 எண்_பார்ப்பவர்

மதிப்பெண் உயர்வை வைத்து ஆசிரியரின் பங்கைக் கணக்கிடும் புள்ளியியல் முறைகள் பற்றி அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாணவர்களின் மதிப்பெண் வேறுபாட்டில் ஆசிரியரால் வருவது 1 முதல் 14 சதவீதம் வரைதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அதில் இருக்கிறது. இதை ஆசிரியர் முக்கியமில்லை என்று படிக்கக் கூடாது. மதிப்பெண்ணுக்குள் குடும்பம், முந்தைய வருடங்கள், பள்ளியின் வசதி என்று ஏராளமான விஷயங்கள் கலந்து கிடக்கின்றன, அதிலிருந்து ஒரு தனி ஆசிரியரைப் பிரித்தெடுத்து வரிசைப்படுத்துவது ஆபத்து என்றுதான் அர்த்தம்.

சரி, நேரில் பார்ப்பது? ஏறக்குறைய 3,000 ஆசிரியர்களை வைத்து 2009 முதல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒருவரே ஒரு முறை வந்து பார்த்துப் போடும் மதிப்பெண்ணை நம்ப முடியாது, வேறு வேறு ஆட்கள் வேறு வேறு பாடங்களைப் பார்த்தால் நம்பகத்தன்மை கூடுகிறது என்று அதில் தெரிந்தது. மாணவர்களிடமே வகுப்பைப் பற்றிக் கேட்டதும் உதவியிருக்கிறது. "டீச்சரைப் பிடிக்குமா?" என்ற மாதிரிக் கேள்வி அல்ல. வகுப்பில் எங்களை விளக்கச் சொல்கிறாரா, புரியவில்லை என்றால் வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கிறாரா என்பது போன்ற கேள்விகள்.

அப்பா, உங்கள் மகள் "அடிக்கோடு போட்டோம்" என்று சொன்னது அப்படிப்பட்ட ஒரு தகவல்தான். பள்ளி அதை ஒதுக்கியிருக்கக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே ஆய்வின் வழியில், ஆசிரியர் மதிப்பீட்டை மையமாக வைத்துப் பெரும் பணம் போட்டுச் சில மாவட்டங்களில் திட்டம் நடத்தினார்கள். 2018இல் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் அதை ஆராய்ந்தது. மாணவர்களின் கற்றலில் எதிர்பார்த்த முன்னேற்றம் வரவில்லை என்றுதான் முடிவு வந்தது.

#6 முதல்_வருடம்

நான் வேலைக்குச் சேர்ந்து 7 மாதம்தான் ஆகிறது. எல்லோரும் பாடக்குறிப்பைத் தூக்கிப் போடச் சொல்வது போல இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதாமல் போன அன்றைக்கெல்லாம் 40 நிமிடம் கையை விட்டு நழுவிப் போகும். எந்தக் கேள்வியை எந்த வார்த்தையில் கேட்கப் போகிறேன் என்றுகூட எழுதி வைத்துக்கொண்டுதான் போகிறேன்.

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் அளந்தார், சராசரியாக 1 நொடிதான் வந்தது என்று பயிற்சியில் படித்தேன். 3 நொடி காத்திருந்தால் பதில்கள் நீள்கின்றன, பேசாத குழந்தைகளும் பேசுகிறார்கள் என்றும் அதில் இருந்தது. என் குறிப்பில் ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் "1, 2, 3" என்று பென்சிலால் எழுதி வைத்தேன். முதல் நாள் அந்த மூன்று நொடி தாங்கவே முடியவில்லை. அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள், நானே பதிலைச் சொல்லிவிடலாம் போல வாய் வரை வந்துவிட்டது. நான்காம் நாள், ஜன்னல் ஓரத்தில் உட்காரும் ஒரு பெண் கை தூக்கினாள். ஜூன் மாதத்திலிருந்து அவள் குரலை நான் கேட்டதே இல்லை.

எங்கள் பொறுப்பாசிரியர் அந்தப் பக்கத்திலும் கையெழுத்து போட்டார். பென்சில் எண்கள் என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன்!

#7 ஒரு_அப்பா

உங்கள் மூன்று பேர் வகுப்பில் என் மகள் இருந்தால் எனக்குக் கவலையே இல்லை. ஆனால் நான் கேட்டது அக்கறை இல்லாத ஆசிரியரைப் பற்றி. அவர் இந்த இழைக்கு வர மாட்டார். அவரிடம் யார், எப்போது கேட்பார்கள்?

#8 கடைசிபெஞ்ச்

அப்பா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன்னால், அந்த ஆறாம் வகுப்பு என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன்.

அன்று மாலையே அந்த ஆசிரியரோடு உட்கார்ந்தேன். "இதில் என் கையெழுத்தும் இருக்கிறது, அதனால் தப்பு நம் இரண்டு பேருக்கும்தான்" என்று முதலில் சொன்னேன். முகத்தில் இருந்த இறுக்கம் அப்போதே தளர்ந்தது. இரண்டு பேரும் சேர்ந்து இரண்டே கேள்விகள் தயாரித்தோம்.

முதலாவது: 0.4, 0.275, எது பெரியது? இரண்டாவது: 0.62, 0.3, எது பெரியது?

இலக்கம் அதிகம் இருந்தால் பெரியது என்று நினைக்கும் குழந்தை முதல் கேள்வியில் தவறும், இரண்டாவதில் சரியாகச் சொல்லும். இலக்கம் குறைவாக இருந்தால் பெரியது என்று நினைப்பது, முதல் கேள்வியில் சரியாகச் சொல்லி இரண்டாவதில் தவறும். இரண்டும் சரியாக வந்தால் இந்த இரண்டு குழப்பமும் இல்லை என்று நம்பலாம். மறுநாள் கடைசி 5 நிமிடத்தில் ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுத்து எழுதி வாங்கினோம். மேஜையில் மூன்று குவியலாகப் பிரித்தோம், 10 நிமிடம் ஆகவில்லை. 40இல் 14 முதல் வகை, 9 இரண்டாம் வகை, 17 சரி. "புரிஞ்சுது சார்" என்று சொன்ன அதே 40 பேர்தான்.

அவர் ரொம்ப நேரம் அந்த 9 தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு குழப்பம் இருக்கிறது என்றே தனக்குத் தெரியாது என்றார். அடுத்த பாடத்துக்கு அவர் எழுதிய குறிப்பு அரைப் பக்கம்கூட இல்லை. பத்தில் ஒன்று, நூறில் ஒன்று கட்டங்களை வரைந்து 0.3ஐயும் 0.30ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, யாரிடம் முதலில் கேட்பது, 0.3 சின்னது என்று யாராவது சொன்னால் என்ன செய்வது என்று மட்டும் இருந்தது. நான் இதுவரை கையெழுத்து போட்டதிலேயே நல்ல பாடக்குறிப்பு அதுதான்.

ஜப்பானிய ஆசிரியர்கள் நூறு வருடத்துக்கும் மேலாக இதையே முறையாகச் செய்கிறார்கள். ஒரு குழுவாக உட்கார்ந்து ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் தயாரிப்பார்கள், எந்த எண்ணை எடுப்பது, குழந்தைகள் என்னென்ன சொல்வார்கள் என்பது வரை. ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று குழந்தைகளின் நோட்டைப் பார்ப்பார்கள். அப்புறம் கூடிப் பேசும்போது விவாதம் பாடத்தைப் பற்றித்தான், நடத்தியவரைப் பற்றி அல்ல. பாடம் குழுவுடையது என்பதால் பொறுப்பும் குழுவுடையது. ஸ்டிக்லர், ஹீபர்ட் இருவரும் 1999இல் எழுதிய நூல் வழியாகத்தான் இது வெளியே பரவலாகத் தெரிந்தது.

இங்கிலாந்தின் ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட், ஒவ்வொரு பாடத்துக்கும் எழுதிய குறிப்பைக் காட்டச் சொல்வதில்லை என்று 2014இல் வெளிப்படையாகவே அறிவித்தது. தனிப் பாடங்களுக்குத் தரம் போடுவதையும் அந்த வருடம் நிறுத்தியது. 2016இல் அங்கே ஆசிரியர் பணிச்சுமை பற்றி வந்த அறிக்கை, பாடத்தைத் திட்டமிடுவதும் பாடக்குறிப்புத் தாளை நிரப்புவதும் வேறு வேறு என்று பிரித்துச் சொன்னது. முதல்_வருடம், உங்களுக்கும் இதுதான் பதில். நீங்கள் எழுதுவது திட்டமிடல். அதை விட்டுவிடாதீர்கள்.

இப்போது அக்கறை இல்லாதவர். நான் நேராகவே சொல்கிறேன், நோட்டு முறை அவருக்குத்தான் வசதி. எழுதிக் காட்டினால் போதும், யாரும் உள்ளே வரப் போவதில்லை. உங்கள் மகளின் வகுப்பில் மாதம் இரண்டு முறை இரண்டு சக ஆசிரியர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், வருடம் முழுக்க அடிக்கோடு போட்டே ஓட்டியிருக்க முடியுமா?

#9 மின்சுற்று_டீச்சர்

முடியாதுதான். ஆனால் அந்த இரண்டு சக ஆசிரியர்களின் சொந்த வகுப்பை அந்த நேரத்தில் யார் பார்ப்பது? இதைச் சொல்லாமல் விட்டால் பேச்சோடு போய்விடும் சார். வாரத்துக்கு 30 பீரியடில் 2 குறைத்துத் தந்தால் நான் போய் உட்காரத் தயார், என் வகுப்புக்கும் யார் வேண்டுமானாலும் வரலாம். நேரம் தராமல் பொறுப்பை மட்டும் கேட்டால், அதுவும் இன்னொரு நோட்டாகிவிடும். "சக ஆசிரியர் பார்வைப் பதிவேடு" என்று ஒன்று வரும், அதையும் ஞாயிற்றுக்கிழமை எழுதுவோம். ஆசிரியரிடம் பாடத்துக்குப் பொறுப்பு கேட்கும் நிர்வாகம், தயாரிக்க நேரம் கொடுத்ததா என்ற கேள்விக்கு முதலில் பொறுப்பேற்க வேண்டும்.

#10 பழைய_சாக்பீஸ்

இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. வகுப்புக்கே வராமல் இருப்பது, வந்தும் நடத்தாமல் இருப்பது ஒன்று. நடத்தியும் பாடம் போய்ச் சேராமல் இருப்பது வேறு. முதலாவது ஒழுங்குப் பிரச்சினை. இந்தியா, வங்கதேசம், இந்தோனேசியா, பெரு, ஈக்வடார், உகாண்டா ஆறு நாடுகளிலும் முன்னறிவிப்பில்லாமல் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக 19 சதவீத ஆசிரியர்கள் பள்ளியில் இல்லை. அதற்கு விதி உண்டு, விளக்கம் கேட்கலாம், நடவடிக்கை எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, திறமை சம்பந்தப்பட்டது. அங்கே போய் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தால், அந்த ஆறாம் வகுப்பு ஆசிரியர் அடுத்த முறை உங்களை உள்ளே விடும்போது, எல்லோருக்கும் விடை தெரிந்த பாடத்தைத்தான் நடத்துவார். நான் 31 வருடம் வேலை பார்த்தேன். ஆய்வு அன்றைக்கு ஏற்கெனவே நடத்திய பாடத்தையே மறுபடி நடத்தியவர்களில் நானும் உண்டு. குழந்தைகள் அழகாகப் பதில் சொன்னார்கள், எனக்குப் பாராட்டும் கிடைத்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டமாக இருக்கிறது. அன்றைக்குப் புதுப் பாடம் நடத்தி, எங்கே தடுமாறுகிறேன் என்று ஒருவர் பார்த்துச் சொல்லியிருந்தால், அடுத்த 20 வருடத்துப் பிள்ளைகளுக்குப் பயன்பட்டிருக்கும்.

அப்பாவின் மகளுடைய ஆசிரியர் எந்த வகை என்று தெரிய வேண்டும் என்றால், முதலில் யாராவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். உதவி கொடுத்த பிறகும், மாதங்கள் போன பிறகும் மாறவில்லை என்றால் அது முதல் வகைதான். அப்போது கண்டிப்பு சரியே.

#11 ஒரு_அப்பா

இது எனக்குப் புரிகிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நான் என்ன கேட்கலாம்? "ஏன் சரியாக நடத்தவில்லை?" என்று கேட்டால் சண்டையாகத்தான் முடியும்.

#12 முதல்_வருடம்

"இந்த மாதப் பாடத்தில் என் மகள் எங்கே தடுமாறினாள்?" என்று கேளுங்கள் சார். குழந்தையின் வேலையைப் பார்த்த ஆசிரியருக்குச் சட்டென்று ஒரு பதில் வரும். என்னிடம் ஒரு அம்மா இப்படிக் கேட்டார், என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து எல்லோர் நோட்டையும் வேறு மாதிரி பார்க்கிறேன்.

#13 கடைசிபெஞ்ச்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். தலைமையாசிரியரிடம் பேசினேன். கணக்குத் துறைக்கு மட்டும், ஒரு பருவத்துக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டார். வாரத்துக்கு 5 முழுக் குறிப்புக்குப் பதிலாக ஒரே ஒரு பாடத்துக்கு விரிவான குறிப்பு, மற்றவற்றுக்குச் சில வரிகள். அந்த ஒரு பாடத்தில் எடுக்கும் உதாரணங்கள், குழந்தைகள் செய்யக்கூடிய தப்பு, அதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி, மூன்றும் கட்டாயம். மறுநாள் "எங்கே சிக்கியது, என்ன மாற்றினேன்" என்று ஒரு வரி. மின்சுற்று_டீச்சர், நேரத்துக்கு என்ன வழி என்றும் கேட்டேன். என் கண்காணிப்புப் பீரியடில் ஒன்றை எடுத்து ஒரு சக ஆசிரியருக்குக் கொடுத்திருக்கிறார். வாரத்துக்கு ஒன்றுதான், இப்போதைக்கு.

முதல் வாரம் 7 பேரில் 3 பேர் "எல்லோருக்கும் புரிந்தது" என்று எழுதியிருந்தார்கள். துண்டுத் தாளைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். இரண்டாவது வாரம் ஒருவர் தன் தாள்களை எடுத்துக்கொண்டு தானாகவே வந்தார், சமபக்க முக்கோணம் தலைகீழாக இருந்தால் அது முக்கோணமே இல்லை என்று 6 பேர் எழுதியிருக்கிறார்கள் என்று காட்ட.

போன செவ்வாய்க்கிழமை அந்த ஆறாம் வகுப்பு ஆசிரியரை என் ஒன்பதாம் வகுப்புக்கு வரச் சொன்னேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முடிந்ததும் தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினார். வகுப்பின் இருக்கை வரைபடம். நான் யாரிடமெல்லாம் கேள்வி கேட்டேன் என்று புள்ளி வைத்திருந்தார். 22 கேள்விகள், அதில் 15 முன் வரிசையில் இருக்கும் 5 பேருக்கு. வலது பக்கக் கடைசி இரண்டு வரிசைகளில் ஒரு புள்ளிகூட இல்லை. 19 வருடத்தில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்தத் தாளை என் குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை மூன்றாம் பீரியடுக்கு அவர் மறுபடி வருகிறார்.